கதவில் ஒட்டிய தாள்

தேர்தல் பார்வையாளர் வேலையில் முதலில் பழக வேண்டியது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. வாக்குச்சாவடிக்குள் கண்ணெதிரே தப்பு நடந்தாலும் தடுக்கக் கூடாது. பார்க்கலாம், குறித்துக்கொள்ளலாம், மிஞ்சிப்போனால் ஒரு கேள்வி கேட்கலாம். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் தேர்தல் நடத்தும் அலுவலராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவருக்கு இது லேசில் வசப்படவில்லை. ஊரில் ஒரு பூத்தில் இயந்திரம் மக்கர் செய்தால் அடுத்த அரைமணிக்குள் மாற்று இயந்திரம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கட்சிக்காரர்கள் சாலையில் உட்கார்ந்துவிடுவார்கள். பார்வையாளராகப் போன கென்யாவில் அவருக்குத் தந்ததோ ஒரு மேலங்கி, அடையாள அட்டை, கேள்விகள் அச்சிட்ட ஒரு கட்டுத் தாள், ஜோடியாக வேறு நாட்டிலிருந்து வந்த ஒரு பார்வையாளர், ஒரு டிரைவர். உத்தரவு போட்டே பழகியவர், போகிற இடமெல்லாம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது.

2005 அக்டோபரில் ஐ.நா. சபையில் வைத்து ஏற்கப்பட்ட சர்வதேசத் தேர்தல் பார்வையாளர் கோட்பாடுகள் இதைத்தான் சொல்கின்றன: தேர்தல் அந்த நாட்டு மக்களுடையது, வெளியார் குறுக்கிடக் கூடாது, பக்கம் சாயக் கூடாது, பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும். ஆனால் எதைப் பார்ப்பது? ஊர் அமைதியாக இருக்கிறதா என்பதையா, கணக்கு சரியாக இருக்கிறதா என்பதையா? கென்யாவுக்கு வந்த வெளிநாட்டார் பெரும்பாலும் முதல் கேள்விக்குத்தான் விடை தேடினார்கள் என்பது அவருக்கு இன்றும் தீராத மனத்தாங்கல்.

2007 டிசம்பர் 27 அன்று வாக்குப்பதிவு. அவருக்கு ஒதுக்கப்பட்டது பிளவுப் பள்ளத்தாக்கில் உள்ள நகூரு பக்கம். விடிவதற்கு முன்பே வரிசை பள்ளி மதிலைச் சுற்றி வளைந்துவிட்டது. கம்பளி போர்த்திய கிழவிகள், குழந்தையை முதுகில் கட்டிய பெண்கள், ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்ட இளைஞர்கள். தள்ளுமுள்ளு கிடையாது, கூச்சல் கிடையாது. பூர்த்தி செய்த தாள்களில் "திருப்தி" என்ற கட்டத்தில்தான் அதிகம் டிக் விழுந்தது. அன்று மாலையே அறிக்கை எழுதச் சொல்லியிருந்தால் உலகத்துக்கே முன்மாதிரித் தேர்தல் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

கோளாறு மறுநாள்தான் தலைகாட்டியது. எதிர்க்கட்சி வேட்பாளர் ரைலா ஒடிங்கா தெளிவாக முன்னிலையில் இருந்தார். அதிபர் முவாய் கிபாகிக்குச் செல்வாக்குள்ள சில தொகுதிகளின் முடிவுகள் வரவே இல்லை. சில தேர்தல் அலுவலர்களின் கைபேசிகள் அணைந்து கிடக்கின்றன, பிடிக்க முடியவில்லை என்று தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுயிட்டுவே வெளிப்படையாகப் புலம்பினார். தேர்தல் நடத்திப் பழகியவருக்கு அந்த ஒரு வாக்கியமே போதும். எண்ணி முடித்த அலுவலர் போனை அணைக்க மாட்டார். அந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து வரும் அழைப்புதான் அவருக்கு விடுதலைப் பத்திரம்.

பிறகு மோலோ விவகாரம் வந்தது. மோலோ தொகுதியின் எண்ணும் மையத்தில் ஐரோப்பிய ஒன்றியப் பார்வையாளர்கள் காதால் கேட்டுக் குறித்துக்கொண்டபடி கிபாகிக்குக் கிடைத்த வாக்கு 50,145. நைரோபியில் ஆணையம் வாசித்ததோ 75,261. இருநூறு கிலோமீட்டருக்குள் ஒரு எண் இருபத்தையாயிரம் ஏறிவிட்டது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணத்துவம் தேவைப்படவில்லை. எண்ணும் இடத்தில் தூங்காமல் உட்கார்ந்து எண்ணைக் குறித்துக்கொண்டு, மேலே சொல்லப்பட்ட எண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மொத்தத் தொழிலும் அவ்வளவுதான் என்பது அவர் வாதம்.

டிசம்பர் 30 மாலை. கென்யாட்டா மாநாட்டு மையத்தில் கூச்சலும் குழப்பமும் முற்றவே, கிவுயிட்டு தனி அறைக்குப் போய், அரசுத் தொலைக்காட்சி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவை வாசித்தார்: கிபாகி 45,84,721, ஒடிங்கா 43,52,993. ஒரு மணி நேரம் போல ஆகியிருக்கும், அந்தி மயங்கும் வேளையில் அதிபர் மாளிகைப் புல்தரையில் பதவிப்பிரமாணம் முடிந்துவிட்டது. அன்றே நேரடி ஒளிபரப்புகளுக்குத் தடை. சில நாள் கழித்து, கிபாகி நிஜமாகவே ஜெயித்தாரா என்பது தனக்குத் தெரியாது என்று அதே கிவுயிட்டு பத்திரிகையாளர்களிடம் சொன்னார். முடிவை வாசித்த வாய் அது.

அமெரிக்க வெளியுறவுத் துறை டிசம்பர் 30-ஆம் தேதியே கிபாகிக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் நாங்கள் யாரையும் வாழ்த்தவில்லை என்று பின்வாங்கியது. உகாண்டா அதிபர் முசெவேனி வாழ்த்தியதோடு நிறுத்திக்கொண்டார், பின்வாங்கவில்லை. இந்த வாழ்த்துகளை வெறும் மரியாதைச் சம்பிரதாயம் என்று வெளியூரில் இருப்பவர்கள் நினைக்கலாம். களத்தில் நிற்கிறவனுக்கு அப்படி இல்லை. வாழ்த்து வந்த மறுநிமிடம் பதவியில் இருப்பவருக்கு அது கேடயம். தெருவில் நிற்பவருக்கு, இனி யாரிடம் போய் முறையிடுவது என்ற ஆத்திரம். நகூருவில் நமது பார்வையாளர் தங்கியிருந்த விடுதியின் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் அந்த வாழ்த்துச் செய்தி ஓடியபோது, அதுவரை சிரித்த முகமாக டீ கொண்டுவந்த பையன், தட்டை மேஜையில் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் வெளியே போனான். அன்றிரவு டீ வரவில்லை.

அதன்பின் நடந்தது உலகறிந்தது. புத்தாண்டு நாளில் எல்டோரட் அருகே கியாம்பாவில், அடைக்கலம் புகுந்திருந்த தேவாலயத்தோடு சேர்த்துப் பெண்களும் குழந்தைகளும் எரிக்கப்பட்டார்கள். ஒடிங்காவின் லுவோ மக்களும் கலென்ஜின் மக்களும் ஒருபுறம், கிபாகியின் கிகூயு மக்கள் மறுபுறம் என்று அரசியல் சண்டை நிலத்தகராறோடு சேர்ந்து இனச்சண்டையானது. பின்னாளில் நீதிபதி ஃபிலிப் வாக்கி தலைமையிலான ஆணையம் எண்ணிய சாவு 1,133. வீடிழந்தோர் 6 லட்சம் வரை. செத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 405 பேர், துப்பாக்கிக் குண்டால் செத்தவர்கள். கலவரம் என்ற ஒரே சொல்லுக்குள் இந்த 405 பேரையும் போட்டுப் புதைத்துவிடுவது வெளிநாட்டுச் செய்திகளுக்கு வழக்கமாகிப் போனது. வில் அம்பு வைத்திருந்தவன் சுட்டிருக்க முடியாது.

சமரசம் பேச ஐ.நா. முன்னாள் பொதுச் செயலர் கோஃபி அன்னான் வந்தது 2008 ஜனவரி 22. நெல்சன் மண்டேலாவின் மனைவி கிராசா மாசெலும் தான்சானியாவின் முன்னாள் அதிபர் பெஞ்சமின் ம்காபாவும் உடன் இருந்தார்கள். வெளியார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது அந்த 41 நாட்களைத்தான். அன்னான் முதலில் செய்தது, ஆளாளுக்குத் தனித்தனியாக நடத்திய சமரசப் பேச்சுகளை நிறுத்தி, ஒரே மேஜைதான் என்று உறுதியாக நின்றது. இரண்டாவது, இரண்டு தலைவர்களையும் ஹராம்பீ மாளிகைப் படிக்கட்டில் கைகுலுக்க வைத்துப் படம் எடுக்கச் சொன்னது. தலைவர்கள் கைகொடுத்துவிட்டார்கள் என்று தெருவுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ஒரு கட்டத்தில் பேச்சாளர்களை சாவோ வனவிலங்குப் பூங்கா விடுதிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஜெர்மானிய அமைச்சர் ஒருவர் வந்து, தங்கள் நாட்டில் பரம எதிரிக் கட்சிகள் எப்படிக் கூட்டரசு நடத்துகின்றன என்று பாடம் எடுத்தார். யானைகள் தண்ணீர் குடிக்க வரும் இடத்தில் பெர்லின் கூட்டணி அரசியல்! கடைசியில் பேச்சாளர்களை ஒதுக்கிவிட்டு, தான்சானிய அதிபர் கிக்வேட்டேயைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு தலைவர்களோடும் நேரே உட்கார்ந்தார். பிப்ரவரி 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது: கிபாகி அதிபர், ஒடிங்கா பிரதமர்.

துப்பாக்கி ஓய்ந்தது. அதற்கு அன்னானுக்குக் கோயில் கட்டலாம். ஆனால் வாக்குப்பெட்டியில் இருந்தது என்ன என்ற கேள்வி அந்த ஒப்பந்தத்தில் ஓரமாக ஒதுங்கிப் போனது. அதை விசாரிக்க வந்தவர் யோஹான் கிரீக்லர், 1994-இல் மண்டேலாவை அதிபராக்கிய தென்னாப்பிரிக்கத் தேர்தலை நடத்திய நீதிபதி. அவர் குழு 2008 செப்டம்பரில் தந்த அறிக்கையை நமது பார்வையாளர் பலமுறை படித்திருக்கிறார். எண்ணும் முறையும் கூட்டும் முறையும் அவ்வளவு கெட்டுப்போயிருந்ததால் யார் ஜெயித்தார்கள் என்று சொல்லவே வழியில்லை என்றது அறிக்கை. இரண்டு தரப்பும் தங்கள் கோட்டைகளில் வாக்குகளை அடைத்துத் தள்ளியிருந்தன என்றும் சொன்னது. எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் இந்த இரண்டாவது வரியை மேற்கோள் காட்டியதை அவர் கேட்டதே இல்லை.

வெளிநாட்டார் 2007 வன்முறையிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. கென்யா என்றால் இனி பயம், அங்கே தேர்தல் என்றால் அமைதிப் பிரார்த்தனை என்றாகிவிட்டது. 2013 தேர்தலில் உள்ளூர்ப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும்கூடச் சண்டை மூண்டுவிடுமோ என்ற நடுக்கத்தில் சந்தேகக் கேள்விகளை விழுங்கிக்கொண்டன. அந்தத் தேர்தலுக்கு முன் வேறொரு வேடிக்கையும் நடந்தது. 2007 வன்முறை தொடர்பாக சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்த உஹுரு கென்யாட்டாவும் வில்லியம் ரூட்டோவும் ஒன்றாகச் சேர்ந்து நின்றார்கள். மக்கள் எடுக்கும் முடிவுக்கு விளைவுகள் உண்டு என்று அமெரிக்க உதவிச் செயலர் ஜானி கார்சன் 2013 பிப்ரவரியில் சொல்லிவைத்தார். சொன்னவருக்கு அது எச்சரிக்கை. கென்யாட்டாவின் ஆட்களுக்குப் பிரசாரத்துக்கு அல்வா. வெள்ளைக்காரன் நமக்கு யாரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித்தருகிறானா என்று மேடைக்கு மேடை கேட்டார்கள். கென்யாட்டா 50.07 சதவீதத்தில், அதாவது மறுசுற்றை மயிரிழையில் தவிர்த்து, ஒடிங்காவை ஜெயித்தார். மிரட்டியதால் மட்டும்தான் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. மிரட்டல் அவருக்குத் துளியும் கெடுதல் செய்யவில்லை என்பது நிச்சயம்.

2017 ஆகஸ்ட் 8. இந்த முறை நமது பார்வையாளர் கிசுமுவில், விக்டோரியா ஏரிக்கரையில், ஒடிங்காவின் சொந்த மண்ணில் இருந்தார். சூழ்நிலை ஏற்கெனவே கனத்திருந்தது. தேர்தலுக்குச் சில நாள் முன்பு ஆணையத்தின் கணினித் துறை மேலாளர் கிறிஸ் ம்சாண்டோ சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார். முடிவுகளை அனுப்பும் மின்னணு ஏற்பாட்டில் முக்கியப் பொறுப்பில் இருந்தவர் அவர்.

ஆனால் கென்யாவின் புதிய முறை காகிதத்தில் நன்றாகவே இருந்தது, அதை நமது பார்வையாளர் ஒப்புக்கொள்கிறார். ஆறு பதவிகளுக்கு ஒரே நாளில் வாக்கு. பெட்டி மூடிகளில் அதிபருக்கு வெள்ளை, ஆளுநருக்கு நீலம் என்று ஆறு நிறம். ஐந்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அதே வகுப்பறையில் எண்ணிக்கை. அவர் இருந்த பள்ளியில் மின்சாரம் இல்லை. பேட்டரி விளக்கு ஒன்று, ஆசிரியர் மேஜை ஒன்று. தலைமை அலுவலரான பெண் ஒவ்வொரு சீட்டையும் இரண்டு கையாலும் விரித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பெயரைச் சொல்வார். முகவர்கள் எட்டிப் பார்த்து "ஆம்" என்பார்கள். அந்தப் பள்ளியில் "ரைலா, ரைலா, ரைலா" என்று ஒரே தாளமாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரே ஒரு "உஹுரு" வந்தபோது எல்லோரும் தலை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார்கள், கென்யாட்டாவின் முகவர் உட்பட. வெள்ளைப் பெட்டி முடிந்ததும் படிவம் 34ஏ. பதிவான வாக்காளர் எண்ணிக்கை, செல்லாதவை, ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை என்று கையால் நிரப்பி, முகவர்கள் கையொப்பமிட்டு, கைக்கணினியில் படம் பிடித்து நைரோபிக்கு அனுப்பி, ஒரு நகலை வகுப்பறைக் கதவில் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்குப் பசை இல்லை. யாரோ ஓடிப்போய் கரும்பலகைச் சுவரிலிருந்த பழைய அட்டவணையின் குத்தூசிகளைப் பிடுங்கி வந்தார்கள்.

அந்தக் கதவில் குத்திய தாள்தான் சட்டப்படி கடைசி வார்த்தை. தொகுதிக்கான 34பி, நாட்டுக்கான 34சி எல்லாம் அதன் கூட்டல். ஒவ்வொரு சாவடியின் வாக்குக் கணக்கையும் குறிக்கும் இந்தியாவின் 17சி படிவத்தோடு காலம் தள்ளிய தமிழ்நாட்டு அலுவலருக்கு அதைப் பார்த்ததும் பாதிப் பயம் விலகியது. 2007-இல் மோலோவில் இரண்டு காதுகளும் ஒரு குறிப்பேடும் செய்த வேலையை இப்போது நாற்பதாயிரம் கதவுகள் செய்யும். சரியாகச் சொன்னால் 40,883 சாவடிகள்.

சிக்கல் எங்கே என்றால், அவற்றில் பதினோராயிரத்துச் சொச்சம் சாவடிகளில் படம் அனுப்புமளவுக்குக் கைபேசி இணைப்பு இல்லை என்று ஆணையமே முன்கூட்டிச் சொல்லியிருந்தது. அலுவலர்கள் இணைப்புக் கிடைக்கும் இடத்துக்கு நகர்ந்து அனுப்புவார்கள் என்பது ஏற்பாடு. ஆனால் அன்றிரவே முடிவுகளைக் கூட்டும் நைரோபி போமாஸ் மையத்தின் பெரிய திரையில் எண்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. எண் வந்தது, படிவம் வரவில்லை. கென்யாட்டாவுக்கும் ஒடிங்காவுக்கும் இடைவெளி மணிக்கணக்கில் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. கிசுமுவில் அவர் படம் பிடித்து வைத்திருந்த சில சாவடிகளின் எண்கள் சரியாகவே இருந்தன. அதை வைத்து அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு ஜோடிப் பார்வையாளர்கள் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு சாவடி பார்க்கலாம்; எல்லா நாட்டுக் குழுக்களையும் சேர்த்தாலும் நாற்பதாயிரத்தில் அது கடுகளவு. கடுகு நன்றாக இருந்தது என்று எழுதலாம். மூட்டையைப் பற்றி எழுதக் கூடாது.

பெரிய குழுக்களோ எழுதின. ஆகஸ்ட் 10 அன்று, முடிவு அறிவிக்கும் முன்பே, அறிக்கைகள் வந்துவிட்டன. தென்னாப்பிரிக்காவின் தாபோ ம்பெகி, கானாவின் ஜான் மஹாமா, கார்ட்டர் மையத்தின் சார்பில் ஜான் கெர்ரி என்று பெரிய மனிதர்கள் வரிசையாக ஒலிபெருக்கி முன் உட்கார்ந்தார்கள். தாலி கட்டுவதற்குள் மொய் எழுதிவிட்டு பஸ் பிடிக்க ஓடும் விருந்தாளிகள் மாதிரி. நியாயமாகச் சொன்னால் கெர்ரி பேசியதில் தவறு அதிகமில்லை: காகித ஆவணம் இருக்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் நீதிமன்றம் போகலாம் என்றார். ஐரோப்பிய ஒன்றியக் குழு படிவங்களை விரைந்து வெளியிடும்படி ஆணையத்தைக் கேட்கவும் செய்தது. உலகம் முழுக்கத் தலைப்பில் போனதோ பாராட்டு மட்டும். நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே ஒடிங்காவின் புகாரை ஆதாரமற்றதாக ஒதுக்கியது. தீர்ப்பு வந்தபின் அவசரப்பட்டுவிட்டோம் என்று எழுதியது.

ஆகஸ்ட் 11 இரவு கென்யாட்டா 54.27 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. கிசுமுவின் கொண்டேலேயிலும் நைரோபியின் கிபேரா, மதாரே குடிசைப் பகுதிகளிலும் ஜனம் தெருவுக்கு வந்தது. கென்யாவில் மாண்டமானோ என்பார்கள். நம்மூர் மறியலும் ஊர்வலமும் ஒப்பாரியும் கலந்த ஒன்று. டயர் எரிந்தது, கல் பறந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. போலீஸ் வீடு வீடாகப் புகுந்தது. கிசுமுவில் தடியடிக் காயத்தால் ஆறு மாதக் குழந்தை ஒன்று இறந்தது. விடுதியை விட்டு வெளியே போக வேண்டாம் என்று பார்வையாளர்களுக்கு உத்தரவு. ஜன்னல் வழியாகக் கண்ணீர்ப் புகை மட்டும் உள்ளே வந்தது. தூதரகங்களிலிருந்து அறிக்கை வந்தது: அனைத்துத் தரப்பும் பொறுமை காக்க வேண்டும்.

அவருக்கு இந்த "அனைத்துத் தரப்பும்" தான் இன்றுவரை ஒத்துவராத சங்கதி. கல் வைத்திருப்பவனிடமும் துப்பாக்கி வைத்திருப்பவனிடமும் ஒரே வாக்கியத்தில் பொறுமை கேட்பது நடுநிலை போலத் தோன்றும். துப்பாக்கிக்காரன் அரசுச் சம்பளம் வாங்குகிறவன். அவனுக்கு ஒரு மேலதிகாரி உண்டு, அந்த மேலதிகாரியோடு விருந்து சாப்பிடுகிறவர்கள்தாம் தூதர்கள். போனை எடுத்து யார் சுட உத்தரவிட்டது என்று கேட்க அவர்களால் முடியும். யார் ஜெயித்தது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. சுடாதே என்று சொல்ல உண்டு. நடந்தது பல சமயம் நேர் தலைகீழ்.

தெருவில் நின்றவர்களில் ஒரு பள்ளி ஆசிரியரோடு அவருக்குச் சிறு பழக்கம் இருந்தது. எண்ணும் இரவில் முகவராக இருந்தவர். "நீங்கள் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள், எங்கள் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள்" என்றார். ஒடிங்காவை நாற்காலியில் உட்காரவையுங்கள் என்று அவர் கேட்கவில்லை. வெளியாரிடம் அந்தத் தெரு கேட்டது மிகச் சின்ன உதவி.

ஒடிங்கா முதலில் நீதிமன்றம் போக மாட்டேன் என்றார். 2013-இல் போய்த் தோற்ற கசப்பு. பிறகு மனம் மாறி மனு போட்டார். 2010 அரசியல் சட்டப்படி ஏழு நாளுக்குள் மனு, பதினான்கு நாளுக்குள் தீர்ப்பு. ஆணையத்தின் சர்வரைத் திறந்து காட்டும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆணையம் முழுசாகத் திறக்கவில்லை. சில படிவங்களில் நீர்க்குறி இல்லை, தொடர் எண் இல்லை. அதிபரை அறிவித்த நாளில் எல்லா 34ஏ படிவங்களும் ஆணையத்தின் கையிலேயே இல்லை என்பதும் வெளியே வந்தது.

செப்டம்பர் 1. தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையில் நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆப்பிரிக்காவில் பதவியில் இருக்கும் அதிபரின் வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல்முறை. கவனிக்க வேண்டியது, ஒடிங்கா ஜெயித்தார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சட்டம் சொன்ன வழியில் எண்ணிக்கை வந்து சேரவில்லை, அதனால் இந்த எண்ணை நம்ப முடியாது என்றது. மாறுபட்டு எழுதிய இருவரில் ஒருவரான நீதிபதி ந்ஜோகி என்டுங்கு, மூலப் படிவங்களைத் தாமே பார்த்ததாகவும் முடிவை மாற்றும் குறை இல்லை என்றும் எழுதினார். அதையும் படிக்காமல் அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுவது அரைகுறை வேலை.

மறுதேர்தல் அக்டோபர் 26. அதற்குள் ஆணையர் ரோஸ்லின் அகோம்பே உயிருக்குப் பயந்து நியூயார்க் போய் அங்கிருந்து ராஜினாமா செய்தார். துணைத் தலைமை நீதிபதியின் டிரைவர் சுடப்பட்டார். ஒடிங்கா விலகிக்கொண்டார். கிசுமு உட்பட நான்கு மாவட்டங்களில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. கென்யாட்டாவுக்கு 98 சதவீதம். அதைப் பற்றி நமது பார்வையாளர் அதிகம் பேசுவதில்லை.

அடுத்து நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்த நாடு மலாவி. 2019 மே மாதத் தேர்தலில் முடிவுத் தாள்களில் எண்களைத் திருத்த வெள்ளை மை பூசியிருந்தார்கள். "டிப்பெக்ஸ் தேர்தல்" என்றே பெயர் நின்றுவிட்டது. வெளிநாட்டுக் குழுக்கள் கிளம்பிப் போய்விட்டன. மலாவி மக்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 2020 பிப்ரவரி 3 அன்று தீர்ப்புச் சொல்ல நீதிபதிகள் குண்டு துளைக்காத கவசம் அணிந்து வந்தார்கள். மறுதேர்தலில் லாசரஸ் சக்வேரா ஜெயித்தார். வெளியார் யாரும் அங்கே தலைவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. தாளைப் பார்த்து நீதிபதிகள் சொன்னார்கள், நீதிபதிகள் பார்க்கும்வரை தெரு விலகவில்லை.

2022 கென்யத் தேர்தலுக்குப் போக நமது பார்வையாளருக்கு வயதும் முழங்காலும் இடம் கொடுக்கவில்லை. பாளையங்கோட்டை வீட்டில் பேரனின் மடிக்கணினி முன் உட்கார்ந்தார். கென்ய ஆணையம் இந்தத் தடவை எல்லா 34ஏ படிவங்களையும் இணையத்தில் போட்டுவிட்டது. 46 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கிசுமுவின் அந்தப் பள்ளியைத் தேடிப் பிடித்தார். கோணல்மாணலாகப் படம் பிடித்த தாள், கட்டத்துக்கு வெளியே வழிந்த ஒரு கையொப்பம், கூட்டல் சரி. இதையே இந்தியாவில் கேட்டால் என்ன ஆகும் என்று அப்போது யோசித்தாராம். 2024-இல் 17சி படிவங்களை இணையத்தில் போடக் கோரி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தேர்தல் நேரத்தில் ஆணையம் மறுத்தது, நீதிமன்றமும் இடைக்கால உத்தரவு தரவில்லை. ஆப்பிரிக்காவுக்குத் தேர்தல் நடத்தக் கற்றுக்கொடுக்கப் போனவர் என்று உறவுக்காரர்கள் சொன்னால் அன்றிலிருந்து அவர் திருத்துவதுண்டு.

அந்த 2022 தேர்தலில் ரூட்டோவுக்கு 50.49 சதவீதம், ஒடிங்காவுக்கு 48.85 என்று கென்ய ஆணையத் தலைவர் செபுகாட்டி வாசித்தபோது, ஏழு ஆணையர்களில் நான்கு பேர் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று வெளியேறினார்கள். நான்கு வேட்பாளர்களின் சதவீதத்தையும் கூட்டினால் 100.01 வருகிறது, அந்த 0.01 என்பது 1,42,000 வாக்கு என்றும் சொன்னார்கள். ஒரு கோடியே நாற்பத்திரண்டு லட்சத்தில் 0.01 சதவீதம் சுமார் 1,420தான். அதுவும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கமாகச் சுருக்கியதில் வந்த மிச்சம். பாளையங்கோட்டையில் இருந்தவரே தாளில் போட்டுப் பார்த்துவிட்டார். வாஷிங்டனும் லண்டனும் இந்தத் தடவை கென்ய உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 5 அன்று முடிவை எதிர்த்த மனுக்களைத் தள்ளும்வரை பொறுத்திருந்துதான் ரூட்டோவை வாழ்த்தின.

2025 அக்டோபர் 15 அன்று ஒடிங்கா இறந்தார். ஆயுர்வேதச் சிகிச்சைக்கு வந்திருந்த கேரளத்துக் கூத்தாட்டுக்குளத்தில், காலை நடைப்பயிற்சியின்போது மயங்கி விழுந்து. வயது எண்பது. முன்பு நமது பார்வையாளரிடம் வேலை பார்த்த தாசில்தார் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"சார், உங்க ஆளு நம்ம பக்கத்துலயே வந்து போயிட்டாரே."

"என் ஆளுன்னு யாருப்பா சொன்னா? நான் பார்வையாளர்."

"அதில்ல சார். 2007-ல நெசமாவே அவருதான் ஜெயிச்சாரா?"

"கிரீக்லரே சொல்ல முடியாதுன்னுட்டார். அத்தனை தாளையும் கையில வச்சிருந்த மனுஷன்."

"சரி சார், 2017?"

"அதுல தாளே முழுசா வரல."

"அப்ப 2022?"

"தோத்துட்டார். வேணும்னா லிங்க் இருக்கான்னு பேரன்கிட்ட கேட்டு அனுப்பச் சொல்றேன், ஒவ்வொரு பூத்தா நீயே கூட்டிப் பாரு."